எழுபத்தொன்பது பேர் சொன்ன பதில்

துடியலூரில் பஸ் ஏறியதுமே ராமாமணிக்குக் கண் சொக்கிவிட்டது. ஆடிக் காற்று. பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த சாரல் ஜன்னலை நனைத்தும் நனைக்காமலும் விளையாடிக்கொண்டிருந்தது. மடியில் ஒரு கோப்பு, அதில் எண்பத்து நான்கு தாள்கள்.

அரைத் தூக்கத்தில் ஒரு கனவு. வார்டு நிறையப் பெண்கள். இவள் கேள்வி கேட்கிறாள். எல்லோரும் வாய் திறக்கிறார்கள், உதடு அசைகிறது, ஆனால் வருவதோ ஆண் குரல். எல்லா வாயிலிருந்தும் ஒரே கரகரத்த குரல்.

கண்டக்டரின் விசில் கனவைக் கலைத்தது. குரல் மட்டும் காதிலேயே தங்கிவிட்டது.

அது 1996. ராமாமணி வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், புற்றுநோய் என்று தெரிந்தால் டாக்டர் உறவுக்காரரை வெளியே கூப்பிட்டுச் சொல்வார். நோயாளிக்கு 'அல்சர்' என்ற ஒரு சொல்லோடு சரி. இது நியாயம்தானா என்று டாக்டர்களுக்குள் தகராறு. "நாமே அடித்துக்கொள்வானேன்? அவர்களிடமே கேட்டுப் பார்ப்போம்" என்றார் பெரிய டாக்டர் சுந்தரராஜுலு. கேட்கும் வேலை சமூகப் பணியாளரான ராமாமணி தலையில் விழுந்தது.

பெண்கள் வார்டில் நான்கு மாதம் கேட்டாள். 'பெரிய வியாதி என்றால் டாக்டர் யாருக்குச் சொல்ல வேண்டும்?' எனக்கு, குடும்பத்தாருக்கு, தெரியவில்லை என்று மூன்று கட்டங்கள். எண்பத்து நான்கு பேரில் எழுபத்தொன்பது பேர் குடும்பத்துக்கு என்றார்கள். நாளை கமிட்டி. பழைய வழக்கமே தொடரட்டும் என்று அறிக்கை டைப் அடித்தாகிவிட்டது.

தெய்வாத்தாளின் தாளில் மட்டும் வயது விட்டுப்போயிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதைக் கேட்கத்தான் வார்டுக்குள் நுழைந்தாள். தெய்வாத்தாள் மேட்டுப்பாளையத்துப் பாக்குத்தோப்புக்காரி. புருஷன் ஆறுச்சாமி குளிக்கப் போயிருந்தார்.

"வயசுங்களா? அம்பத்தி மூணு. அவியளக் கேட்டா ரெண்டு கூட்டிச் சொல்லுவாங்க" என்று சிரித்தாள் தெய்வாத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அம்மணி, அன்னைக்குக் கேட்டீங்கல்ல, யாருக்குச் சொல்லோணும்னு. அத மறுக்காக் கேளுங்க."

"அதான் பதில் சொல்லிட்டீங்களேக்கா?"

"நானெங்க சொன்னேன்? அவிய சொன்னாங்க. நான் தலைய ஆட்டுனேன்."

"எனக்குத்தான்னு நீங்க சொல்லியிருக்கலாமே?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! ஊட்டுக்காரர வெச்சுக்கிட்டு அவர் பேச்சுக்கு மேல பேசுனா மரியாதையா இருக்குமுங்களா? நீங்களே அவியளுக்குச் சேர் போட்டு, காபி வாங்கிக் குடுத்துட்டுத்தான் கேக்க ஆரம்பிச்சீங்க."

ராமாமணிக்குச் சுருக்கென்றது. மரியாதைதான். ஒவ்வொரு கட்டிலிலும் அதே மரியாதை.

"சரிங்கக்கா, இப்பக் கேக்கறேன். யாருக்குச் சொல்லணும்?"

"எனக்குத்தான். ஆனா அவியளும் பக்கத்துல இருக்கோணும். ஒத்தையாக் கேக்கப் பயமா இருக்குது." தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். "எங்க மாமியாளுக்கு அல்சர் வந்தப்ப மோர் குடிச்சாங்க. எனக்கு மட்டும் ஊசி போட்டு முடியக் கொட்ட வெக்கறாங்க. மகளுக்குத் தையில கல்யாணம் பேசியிருக்குது கண்ணு. தையில நான் இருப்பனான்னு தெரிஞ்சா, கல்யாணத்த முன்னாலயே வெச்சுப்போடுவேன்."

ராமாமணிக்கு அந்தப் பதில் தெரியும். சொல்ல அவளுக்கு உரிமையில்லை.

"நான் வாரேன்க்கா" என்று எழுந்துவிட்டாள்.

வராந்தா பெஞ்சில் தாள்களைப் பரப்பினாள். 'உடனிருந்தவர்' என்று ஒரு வரி. கடமைக்காக நிரப்பிய வரி. புருஷன், மகன், கொழுந்தனார், புருஷன். தனியாக இருந்தவர்கள் ஏழே பேர். அந்த ஏழில் ஐந்து பேர் 'எனக்கு' என்றிருந்தார்கள். மொத்தத்திலும் அப்படிச் சொன்னவர்கள் அந்த ஐந்து பேர்தான்.

எங்கோ மில் சங்கு ஊதியது. வெயில் பாதி, சாரல் பாதியாக வராந்தா மிதந்தது. பஸ்ஸில் கேட்ட கரகரத்த குரல் ஒவ்வொரு தாளிலிருந்தும் எழுந்தது.

"அறிக்கை வேண்டாம் சார்" என்றாள் சுந்தரராஜுலுவின் அறையில்.

"ஏம்மா, அட்டை போட்டு பைண்டே பண்ணியாச்சே!"

"நான் நோயாளிங்களைக் கேக்கல சார். அவங்க வீட்டு ஆம்பளைங்களைத்தான் கேட்டிருக்கேன். புதுசா ஆரம்பிக்கணும், தனியா வெச்சுக் கேக்கணும். ஆனா தெய்வாத்தாளால அதுவரைக்கும் காத்திருக்க முடியாது."

"சொல்லவே கூடாதுன்னு அந்த மனுசன் என் கையைப் பிடிச்சுக் கெஞ்சினாரே?"

"அவரையும் தனியாக் கேட்டுப் பாக்கலாம் சார்."

ஆறுச்சாமி ஈரத்தலையோடு வந்து நின்றார். டாக்டரே கேட்டார். "உங்களுக்கு இந்த வியாதி வந்திருந்தா யாருக்குச் சொல்லணும்?"

"இதென்னுங்க கேள்வி? எனக்குத்தானுங்க. தோப்பு இருக்குது, புள்ள கல்யாணம் இருக்குது, எல்லாம் நாந்தான முடிவு..."

தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவ கேட்டாளுங்களா?" என்றார் கடைசியில்.

"கேட்டாங்க. நீங்களும் கூட இருக்கணுமாம்" என்றாள் ராமாமணி.

மூவரும் வார்டுக்குப் போனார்கள். ஆறுச்சாமிக்கு யாரும் சேர் போடவில்லை. அவரே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் குனிந்து, மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். மில் பக்கமிருந்து பறந்து வந்த பஞ்சு ஒன்று விழ மனமில்லாமல் கட்டிலுக்கு மேலே மிதந்தது. தெய்வாத்தாள் அதையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப தையில வெக்கறதுங்களா, ஆவணியில வெக்கறதுங்களா?"

"ஆவணியிலயே வெச்சுக்கங்கம்மா."

பஞ்சு போர்வையில் வந்து உட்கார்ந்தது. ராமாமணி அவளுடைய தாளில் மூன்று கட்டங்களுக்குக் கீழே பேனாவால் இன்னொன்று வரைந்து, 'இருவருக்கும், சேர்த்து' என்று எழுதினாள்.

தெய்வாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, ஆடி முடிய இன்னும் பத்தே நாளுங்க. பந்தல்காரனுக்கு இன்னைக்கே சொல்லிப்போடுங்க."