இன்ஜினுக்குத் தண்ணீர் காட்டியவன்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய இறால் கம்பெனியில் ஒரு குளிர் அறை காலியாகக் கிடந்தது. காலையில் அதற்குள் ஒரு ஜெனரேட்டரைத் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். மங்கோலியாவில், கரண்டுக் கம்பி எட்டாத பாலைவனச் சுரங்கத்துக்கு வாடகைக்குப் போகிற செட்டு அது. அங்கே பனிக்காலத்தில் டீசலே கூழாகிவிடுமாம். மறுநாள் காலை வரை விறைத்துக் கிடந்தும் ஸ்டார்ட் ஆனால்தான் கப்பலேறும். ஓட்டிக் காட்டுகிற சுடலைக்கண்ணனும் அதோடு போவான். உப்பளத்து மோட்டாரில் தொடங்கி, ஊரார் இன்ஜினுக்கடியில் மல்லாந்து கிடந்தே முதுகு தேய்ந்தவன். ஆபரேட்டர் என்று பேர் போட்டு வேலை வருவது இதுதான் முதல் தடவை.

மத்தியானம் வடிவம்மாள் வெளியே வந்தாள். அவன் பெண்டாட்டி, அதே கம்பெனியில் இறால் அடுக்குகிறவள். புருஷனுக்குச் சில்லென்று இருக்கட்டுமென்று ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் பாட்டிலை மறந்துபோயிருந்தாள்.

"பாட்டிலப் பாருங்க, பிள்ளத்தாச்சி வயிறு மாதிரி வீங்கி வெடிச்சிட்டு."

அவன் சிரிக்கவில்லை. நேற்று வெயிலில் செட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு ரேடியேட்டரைக் கழுவி, பழக்க தோஷத்தில் பைப்புத் தண்ணீரையே நிரப்பியிருந்தான். உழுது வந்த மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதுபோல ஓடிக் களைத்த இன்ஜினுக்கும் காட்டுவது இந்த ஊர் வழக்கம். பனியில் உறையாத கூலண்ட் கேன் திறக்காமலே வண்டியில் கிடந்தது.

"ஏளா, ரேடியேட்டர்ல வெறும் தண்ணியில்லா ஊத்தியிருக்கேன்!"

"நீங்க இன்ஜினுக்குத் தண்ணி காட்டுனீங்க, இப்ப அது உங்களுக்குத் தண்ணி காட்டுதாக்கும். போயி மேடத்துக்கிட்டச் சொல்லுங்க."

"சொன்னா வேற ஆள அனுப்பிருவாவ."

"சொல்லாட்டா வெடிச்சிரும். அப்பவும் வேற ஆளுதான்."

வாடகைக் கம்பெனி இன்ஜினியர் அனுசியாவிடம் போய், தலையைச் சொறியாமல் சொன்னான். அவள் உடனே கதவைத் திறக்கச் சொன்னாள். ரேடியேட்டரின் அடி அடைப்பானை அவன் திருகியதும் தண்ணீரோடு ஐஸ் சில்லுகள் சலசலத்து விழுந்தன. டார்ச் அடித்துத் தடவிப் பார்த்தான். எங்கும் கீறல் இல்லை. கூலண்டை ஊற்றி மூடினான்.

மறுநாள் சாவியைத் திருப்பியபோது அவன் விரலும் விறைத்திருந்தது. செட்டு ஒரு முக்கு முக்கியது, இருமியது, பிடித்துக்கொண்டது. புகைக் குழாய் வெளியே குபுகுபுவென்று கக்க, மதில்மேல் இருந்த காக்காய்கள் பறந்தன.

"அண்ணாச்சி, அங்க போயும் தண்ணி காட்ட மாட்டியளே?" என்றாள் அனுசியா.

"குடிக்க மட்டுந்தான் மேடம்."

"கால் சைஸ் என்ன? பனிக்குப் பூட்ஸ் வாங்கணும்."

அவன் ரப்பர் செருப்பைக் கழற்றிப் பார்த்தான். நம்பர் தேய்ந்துபோயிருந்தது. கதவோரம் நின்ற வடிவம்மாள்தான் குரல் கொடுத்தாள்:

"ஒம்பது மேடம். கம்பளிச் சாக்ஸ் போடணும்லா, பத்தா வாங்குங்க."