உவர்மலை இறக்கத்தில் நீலச் சைக்கிள்

கார்த்திகை பிறந்ததிலிருந்து மழை விட்டபாடில்லை. சல்லிக் கடற்கரைக் கிராமத்திலிருந்து பட்டணத்துக்குப் போகிற முதல் பஸ் வெயில் காலத்தில் ஒழுங்காக வரும். மழைக்காலத்தில் அது நினைத்தால்தான் வரும். குடையோடு சந்தியில் நின்று நின்று லக்சாயினிக்குக் கால் விறைத்துப் போகும். போகிற ஓட்டோ ஒன்றையாவது மறித்து "என்னையும் ஏத்துங்கோ" என்று கேட்க அவளுக்கு வாய் வராது. வாய் வருவதற்குள் ஓட்டோ போய்விடும்.

உள்துறைமுக வீதியில் சுபைதாவின் சாப்பாட்டுக் கடை இருந்தது. துறைமுகத்தில் காலை வேலைக்குப் போகிறவர்கள் இடியப்பமும் சம்பலும் சொதியும் பார்சல் கட்டிக்கொண்டு போவது அங்கேதான். இடியப்பம் பிழிவது லக்சாயினி. அவள் பிந்தினால் தட்டுகள் வெறுமையாகக் கிடக்கும். வந்தவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

சுபைதா கத்துகிற மனுசி அல்ல. ஒருநாள் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னாள்.

"புள்ள, உன்ட கை நல்ல கை. ஆனா அந்தக் கை நேரத்துக்கு வந்து சேரோணுமே. இன்னொருக்காப் பிந்தினா நான் கிட்டடியில ஒரு ஆளைப் பாக்கத்தான் வேணும். கோவிக்காத."

லக்சாயினி தலையை மட்டும் ஆட்டினாள். வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதாலேயே பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் அவள். அவளை யாரும் எழுப்பி நிறுத்தாத இடம் அந்தக் குசினி ஒன்றுதான். அடுப்பு, இடியப்ப உரல், ஆவி, சுபைதாவின் முணுமுணுப்பு. அதை இழந்தால் திரும்பவும் வீட்டு மூலைதான்.

அன்று பின்னேரமே அண்ணனிடம் சொன்னாள். "அண்ணா, எனக்கு ஒரு சைக்கிள் வேணும். பழசு காணும்."

தர்மிகன் கடலுக்குப் போகிறவன். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்ததால் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு வீட்டில் இருந்தான். வாய் ஓயாதவன். தங்கச்சிக்கும் சேர்த்து அவனே கதைத்துவிடுவான்.

"சைக்கிளோ? நீ மழைக்குள்ள ஓடுவியோ? சரி, கிண்ணியாவில ஜெமீல் நானாட்ட நல்ல சாமான் இருக்கு. நான் பாத்து எடுத்துத் தாறன். நீ சும்மா நில்லு."

ஜெமீலின் கடை கிண்ணியாவில் பிரதான வீதியிலிருந்து ஒரு ஒழுங்கைக்குள் இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே ஜப்பானிலிருந்து வந்த பழைய சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. தர்மிகன் உள்ளே கால் வைத்ததுமே ஒரு சிவப்புச் சைக்கிளைப் பிடித்துவிட்டான். தடித்த முள்ளு டயர், முன்னுக்கும் பின்னுக்கும் ஸ்பிரிங், கியர்.

"இது! இதில ஏறினா மலையே ஏறலாம்."

"சல்லியில எந்த மலை தம்பி?" என்றார் ஜெமீல்.

"உவர்மலை இருக்கெல்லோ நானா, இவள் வேலைக்குப் போற வழியில."

லக்சாயினி சிவப்பை எடுத்து ஒழுங்கையில் ஒரு சுற்று ஓடினாள். தூறல்தான் போட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது சட்டையின் முதுகில் இடுப்பிலிருந்து கழுத்து வரை ஒரு சேற்றுக்கோடு. தர்மிகன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இந்தச் சட்டையோடு மாவில் கை வைத்தால் சுபைதா என்ன சொல்வாள் என்பதுதான் மனதில் ஓடியது.

அடுத்தது ஒரு மெல்லிய ஓட்டப்பந்தயச் சைக்கிள். அதன் டயர் பெருவிரல் பருமன்தான். ஒழுங்கை மணலில் அது பாம்பு மாதிரி நெளிந்தது. இறங்கிவிட்டாள்.

மூலையில் ஒரு நீலச் சைக்கிள் நின்றது. முன்னால் கூடை. இரண்டு சில்லுக்கும் மேலே சேறு தெறிக்காமல் நீளமான மட்காட். செயினை முழுக்க மூடிய ஒரு தகரப் பெட்டி. மிதித்தால் எரிகிற லைற். பின்னால் கரியர். டயர் தடிப்புமில்லை, மெலிவுமில்லை.

"ஐயோ, இதோ?" என்றான் தர்மிகன். "சந்தைக்குப் போற மாமிமார் ஓடுற சைக்கிளெல்லோ இது!"

"மாமிமார் நனையாமப் போய் வாறாங்க தம்பி," என்றார் ஜெமீல். "நீங்க வாங்கித் தாற சிவப்பில தங்கச்சி பின்பக்கமாக் குளிச்சிட்டு வருவா."

லக்சாயினிக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. மழையில் ரிம் நனைந்தால் பிரேக் பிடித்து இது நிற்குமா? கேள்வி தொண்டை வரை வந்து அங்கேயே இருந்தது. ஒட்டுப்போட்ட ட்யூப்பில் காற்றுப் போகிறதா என்று பார்க்க ஒரு பேசினில் தண்ணீர் வைத்திருந்தார் ஜெமீல். அவள் பக்கத்திலிருந்த சிரட்டையை எடுத்து, அந்தத் தண்ணீரை அள்ளி, நீலச் சைக்கிளின் இரண்டு ரிம்மிலும் சுற்றிவர ஊற்றினாள்.

"என்னடி, குளிப்பாட்டுறியோ? பவுடரும் போடு!"

"விடுங்க தம்பி," என்றார் ஜெமீல். அவர் சிரிக்கவில்லை. "இத்தனை வருசத்தில ஒருத்தரும் இப்பிடிப் பாத்து எடுக்கேல்ல."

ஈரத்தோடு ஏறி வேகமாக மிதித்து, ஒழுங்கை முடிவில் இரண்டு பிரேக்கையும் அழுத்தினாள். பிரேக் கட்டைகள் ஒரு கணம் வழுக்கின, பிறகு பிடித்தன. சைக்கிள் நின்றது.

"இது," என்றாள்.

அண்ணன் சொன்னதற்கு மாறாக அவள் ஒரு பொருளை வாங்கியது அதுதான் முதல் தடவை. தெரிந்தவரின் மீன் லொறியில் ஏற்றிச் சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வழி முழுக்க தர்மிகன் "மாமி, இறங்கிற இடம் வந்தாச் சொல்லுங்கோ" என்று கேட்டுக்கொண்டே வந்தான். அடுத்த நாள் வெள்ளெனப் போகவேண்டும் என்று அவள் நேரத்தோடு படுத்துவிட்டாள்.

மறுநாள் இருட்டோடு புறப்பட்டாள். பிளாஸ்ரிக் மழைக்கோட்டு, கூடைக்குள் மாற்றுச் சட்டை. மழை சரிந்து பெய்தது. சந்தியில் பஸ்சுக்கு நின்ற இரண்டு பேரையும் கடந்து போனபோது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வந்தது. உப்புவெளியில் வீதியை மூடி நின்ற வெள்ளத்துக்குள்ளாலும் சைக்கிள் சத்தமில்லாமல் போனது. கால்கூட அவ்வளவாக நனையவில்லை. பட்டணத்தில் ஊருக்குள்ளேயே திரிகிற மான்கள் வழக்கம்போல நடுவீதியில் படுத்திருந்தன. பிரேக்கைத் தொட்டாள். கொஞ்சம் இளகினமாதிரி இருந்தது. மழைக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து மிதிப்பதை நிறுத்தினாள். மான்கள் சோம்பலாக எழுந்து வழிவிட்டன.

உவர்மலை ஏற்றத்தில் இறங்கித் தள்ளினாள். உச்சியில் ஏறி உட்கார்ந்து மறுபக்கம் இறங்கத் தொடங்கினாள்.

பிரேக்கை அழுத்தினாள். ஒன்றுமில்லை. இன்னும் இறுக்கி அழுத்தினாள். பிடி கைப்பிடியோடு போய் முட்டியது. கட்டைகள் ரிம்மில் வெண்ணெயில் போவதுபோல வழுக்கின. சைக்கிள் வேகம் எடுத்தது. கீழே வளைவு, வளைவுக்கு அப்பால் பிரதான வீதி, அதில் லொறி விளக்குகள். "அம்மாளாச்சி!" என்று வாய்விட்டுக் கத்தினாள். அவ்வளவு சத்தம் தன் தொண்டையில் இருந்தது அவளுக்கே தெரியாது. காலை நிலத்தில் ஊன்றினாள். செருப்பு பிய்த்துக்கொண்டு போனது. இடப்பக்கம் யாரோ மதில் கட்டக் கொட்டியிருந்த மணல் குவியல் கண்ணில் பட்டது. ஹாண்டிலை அந்தப் பக்கம் திருப்பினாள்.

முன் சில்லு மணலுக்குள் புதைந்தது. அவள் முழங்கால் மடிந்து மணல்மேல் உட்கார்ந்தாள். ஒன்றும் முறியவில்லை. முழங்கையில் மட்டும் ஒரு சிராய்ப்பு. மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். எழுந்ததும் அழுகை வந்தது. அவளே பார்த்து, அவளே தண்ணீர் ஊற்றி, அவளே "இது" என்று சொன்ன சைக்கிள். இனி அண்ணன் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான். அது போகட்டும், நாளைக்கு எதில் வருவது?

சில்லை இரண்டு கையாலும் பிடித்து மணலிலிருந்து இழுத்தெடுத்தாள். மிச்ச இறக்கத்தை ஒற்றைச் செருப்போடு தள்ளிக்கொண்டே ஓடினாள்.

சுபைதா அப்போதுதான் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தாள்.

"அல்லாஹ்! நேரத்துக்கு வந்திட்டா புள்ள. ஆனா இது என்ன கோலம்?"

"விழுந்திட்டன் ராத்தா. ஒண்டுமில்லை."

சட்டையை மாற்றிக்கொண்டு கை கழுவப் போனாள். உள்ளங்கையெல்லாம் கறுப்பு. சவர்க்காரம் போட்டும் போகவில்லை.

"இந்தக் கையோட மாவைத் தொட்டிராத," என்றாள் சுபைதா. "செயின்ல கை வச்சியா?"

"செயினுக்கு மூடி இருக்கு ராத்தா..."

சொல்லிவிட்டுக் கையைப் பார்த்தாள். செயினைத் தொடவில்லை. சில்லைத்தான் தொட்டாள். சில்லில் எப்படிக் கறுப்பு? முகர்ந்து பார்த்தாள். வள்ளத்து எஞ்சின் மணம். அவர்கள் வீட்டு முற்றத்தில் எப்போதும் அடிக்கிற மணம்.

சல்லிக் கரையில் இரும்பு என்று எதைக் கண்டாலும் எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஒயிலைப் பூசிவிடுவார்கள். நங்கூரம், படலைக் கீல், பூட்டு, கிணற்றுக் கப்பி, எதையும் விடமாட்டார்கள். பூசாவிட்டால் கறள் பிடித்து, உப்புக்காற்று ஒரு மாரிக்குள் இரும்பைத் தின்றுவிடும். அங்கே சைக்கிளைக் கடற்கரை மணலில் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். பிரேக் பிடிக்க வேண்டிய தேவையே வராது.

அதற்குள் வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். வேறு வழியில்லை. தேசிக்காயும் உப்பும் போட்டுக் கையை உரஞ்சிக் கழுவிவிட்டு உரலைப் பிடித்தாள். தட்டுத் தட்டாகப் பிழிந்தாள். மனம் மட்டும் வெளியே மழையில் நின்ற சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தது. சில்லில் இருப்பது ஒயில் மட்டும்தானா, இல்லை உண்மையிலேயே பிரேக் பழுதா?

கூட்டம் குறைந்ததும் ஃபோனை எடுத்தாள்.

"அண்ணா, சைக்கிளுக்கு என்ன பூசினனீ?"

தர்மிகன் நித்திரைக் குரலில் கதைத்தான். "கண்டிட்டியோ? நீ படுத்தாப் பிறகு பூசினனான். உன்னை நக்கலடிச்சது எனக்கே ஒருமாதிரியாப் போச்சு. ரெண்டு ரிம்முக்கும் நல்லா முழுக்காட்டி விட்டனான். இனிப் பத்து வருசத்துக்குக் கறள் கட்டாது."

"ஓம். பிரேக்கும் பிடிக்காது. உவர்மலையால நேரா மணலுக்குள்ள போனன்!"

அந்தப் பக்கம் அவன் பாயிலிருந்து துள்ளி எழும்புவது கேட்டது. 

"லச்சு... காயம் கீயம் பட்டதோ? ஐயோ, நான் ஒரு மாடு. நான் வரட்டோ?"

"காயமில்லை. நீ வரவேண்டாம். நீ ஒண்டையும் தொடாமல் இருந்தாக் காணும்."

கேட்டுக்கொண்டிருந்த சுபைதா சிரிப்பை அடக்கமாட்டாமல் முந்தானையால் வாயைப் பொத்தினாள். பிறகு அவளே இடியப்பப் பானையில் மிஞ்சிய கொதிதண்ணீரை வாளியில் ஊற்றி, பாத்திரம் கழுவுகிற சவர்க்காரமும் தேங்காய்த் தும்பும் சாம்பலும் எடுத்துவந்தாள். இரண்டு பேரும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ரிம்மைத் தேய்த்தார்கள். கறுப்புத் தண்ணீர் வீதியோரக் கானுக்குள் ஓடியது. லக்சாயினி பிரேக் கட்டைகளைக் கழற்றி, சீமெந்துப் படியில் உரசி, பளபளப்புப் போகும்வரை தேய்த்துத் திரும்பப் பூட்டினாள்.

"இப்ப ஓடிப் பாரு," என்றாள் சுபைதா.

அவள் உடனே ஏறவில்லை. ஒரு வாளி பச்சைத் தண்ணீரை எடுத்து இரண்டு ரிம்மிலும் ஊற்றினாள். பிறகு ஏறி, கடைக்கு முன்னால் இருந்த நேர் வீதியில் வேகமாக மிதித்து, அழுத்தினாள்.

கட்டைகள் ஒரு கணம் வழுக்கின. பிடித்தன. நின்றது. இன்னொரு தடவை ஓடி அழுத்தினாள். நின்றது. ஒரு காலை ஊன்றியபடி அப்படியே நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து தோளில் ஏறி இருந்த ஏதோ ஒன்று மெல்ல இறங்கிப் போனதுபோல இருந்தது.

"நாளைக்கும் மழையாம்," என்றாள் சுபைதா, வாசலில் நின்றபடி.

"வருவன் ராத்தா."

"வருவா எண்டு தெரியும். இறக்கத்தில மெதுவா வா."

பின்னேரம் வீட்டுக்குப் புறப்படும்போதும் மழைதான். சுபைதா கொடுத்த பழைய செருப்பு அவளுக்கு ஒரு அளவு பெரிது. உவர்மலை உச்சி வரை தள்ளிக்கொண்டு போய், பட்டணத்துப் பக்கம் இறங்கினாள். பாதி இறக்கத்தில், முன்னால் மானுமில்லை, மனிதருமில்லை, இருந்தும் பிரேக்கை அழுத்தினாள். நீலச் சைக்கிள் சொன்ன இடத்தில் நின்றது. கொஞ்சம் விட்டாள். திரும்பவும் அழுத்தினாள். திரும்பவும் நின்றது.

பின்னால் வந்த ஓட்டோக்காரர் வேகத்தைக் குறைத்துத் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன தங்கச்சி, மழைக்குள்ள நடுவழியில நிக்கிறீங்கள்? பெற்றோல் முடிஞ்சுதோ?"

"இல்லை அண்ணை," என்றாள் லக்சாயினி. இந்த முறை வாய் தடங்கவில்லை. "நிக்குதோ எண்டு பாத்தனான். நல்லா நிக்குது."

ஓட்டோக்காரர் ஒன்றும் விளங்காமல் போய்விட்டார். அவள் சிரித்துக்கொண்டே பிரேக்கை விட்டாள்.