நத்தார் விருந்துக்கு இரவல் கூரை

சூறாவளி எதை விட்டுவைத்தது என்று கேட்டால் பீற்றிஸ் இரண்டைச் சொல்வாள். ஒன்று, வெள்ளைக்கார ஏஜண்டுத் துரைக்குப் பக்கத்தில் அண்ணன் நின்று எடுத்த படம். மற்றது அண்ணனின் பெருமை. ஓடெல்லாம் பறந்து, ஒரு பக்கச் சுவரும் சரிந்த ஹோலில் அந்தப் படம் மட்டும் கொஞ்சமும் கோணாமல் ஆணியில் தொங்கியது. அண்ணன் மத்தேயு அதை ஆண்டவரின் சிபாரிசாகவே எடுத்துக்கொண்டார்.

மத்தேயு அரசாங்கக் கச்சேரியில் பெரிய கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். வருடா வருடம் நத்தார் இரவில் அவர் வைக்கும் விருந்தைப் புளியந்தீவு முழுக்க அறியும். மேசையில் வெள்ளை விரிப்பு, கத்தி, முள்ளுக்கரண்டி, இங்கிலீசில் ஒரு நீளச் செபம். அதன் பிறகுதான் சோற்றில் கை வைக்கலாம். கையை வைக்கவும் கூடாது, கரண்டியைத்தான் வைக்கவேண்டும்.

எழுபத்தெட்டாம் ஆண்டு கார்த்திகையில் அடித்த சூறாவளிக்கு இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. முறிந்து கிடந்த தென்னைகளுக்கு நடுவே சனம் கூடாரச் சீலைக்குக் கீழே கிடந்தது. இந்த வருடம் விருந்தை விட்டால் என்ன என்று மனைவி இமெல்டா மெல்லக் கேட்டுப் பார்த்தாள். சூறாவளி அடித்தது என்பதற்காக யேசு பிறக்காமல் இருந்துவிடுவாரா என்று அவர் திருப்பிக் கேட்டார். யேசுவுக்கு ஒரு மாட்டுத் தொழுவம் போதுமாக இருந்ததே என்று சொல்லப் பீற்றிஸ் வாயெடுத்தாள். ஆனால் அண்ணனுக்கு முன்னால் வாயெடுப்பதோடு அவளுடைய பேச்சு முடிந்துவிடுவது வழக்கம்.

விருந்துக்கு ஒரு காரியமும் இருந்தது. சேதம் பார்க்கும் அதிகாரி அருமைநாயகம் இன்னும் அந்த வீதிக்கு வரவில்லை. 'முழுச் சேதம்' என்று அவர் எழுதிவிட்டால் ஓட்டுக்கும் மரத்துக்கும் உதவி கிடைக்கும். வயிறு நிறைந்தவரின் பேனா தாராளமாக ஓடும் என்பது மத்தேயு கச்சேரியில் கற்ற பாடம். ஆகவே முதலில் சாப்பாடு, பிறகு சரிந்த சுவர். ஆனால் அப்படிப்பட்டவரைக் கூடாரச் சீலைக்குக் கீழே இருத்திக் கரண்டி கொடுக்கலாமா?

அதே வளவின் பின்மூலையில், ஓர் அறையும் அடுப்படியுமாகப் பீற்றிஸின் வீடு. விதவைகளுக்கு முதலில் என்று கோயிலில் கொடுத்த தகரம் அவள் கூரையில் ஏறி இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது.

"நத்தாருக்கு மட்டும் தா புள்ள," என்றார் மத்தேயு. "மறுகா அடுத்த நாளே கழட்டித் தந்திருவன். சும்மா கேக்கல்ல, மாத்துக்கு என்ட கூடாரச் சீலையத் தாறன்."

சீலையில் இமெல்டாவின் அடுப்புப் பொறி பட்ட ஓட்டைகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவற்றைப் பீற்றிஸ் சீலையைக் கட்டிய பிறகுதான் கண்டாள்.

தகரம் கழற்ற வந்த தச்சர் அசனார் காக்கா கூரையில் குந்தியிருந்தபடியே கேட்டார். "இதென்ன புள்ள, தகரத்துக்கு ரெண்டாங் கலியாணமா? ஆணி புடுங்கின இடமெல்லாம் ஓட்டதான்."

"ஒரு நாளைக்குத்தானே காக்கா."

"கிளாக்கர் ஐயாட ஒரு நாள் எவ்வளவு நீளமெண்டு கச்சேரி வாசல்ல நிண்ட எனக்குத் தெரியும்," என்றார் அசனார்.

சமையலும் பீற்றிஸின் தலையில்தான். வான்கோழிகள் காற்றோடு போய்விட்டபடியால் ஏறாவூரிலிருந்து ஒரு தாரா வாத்து வந்தது. ஈரலும் பாண் தூளும் வயிற்றில் அடைத்து அதைப் பொரித்தாள். மஞ்சள் சோறு ஆக்கினாள். நிவாரண மாவு கேக் ஆனது, நிவாரண மீன் ரின் கட்லட் ஆனது. வெறும் ரின் டப்பாக்களை வேலிக்கரையில் புதைக்கச் சொன்னார் மத்தேயு. அதையும் செய்தாள்.

அதிகாரி வந்தார். தலைமையாசிரியரும் நொத்தாரிசும் டாக்குத்தரும் மனைவிமாரோடு வந்தார்கள். சூறாவளிக்குத் தப்பிய கதிரைகள் வந்தவர்களுக்கும் வீட்டாருக்கும் மட்டாகவே இருந்ததால் பீற்றிஸுக்கு அடுப்படிதான் இடம் என்பதை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. செபம் முடியும்போது மழை தொடங்கியது. தன் தகரத்தில் மழை விழும் சத்தத்தை அவள் அடுத்தவர் வீட்டில் நின்று கேட்டாள்.

தலைமையாசிரியர் அண்ணாந்து பார்த்து, ஊரே சீலைக்குக் கீழே கிடக்க ஐயா மட்டும் கூரை போட்டுவிட்டாரே என்று வியந்தார்.

இரவல் என்ற ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லை மத்தேயு மற்றவர்களின் மனுக்களில்தான் வாசித்திருந்தார்.

"நாங்க கையேந்திக் காத்திருக்கிற ஆக்களில்ல, சேர்," என்றார், அதிகாரியின் பக்கம் திரும்பி. "சொந்தக் காசில போட்டன்."

அருமைநாயகம் கரண்டியைக் கீழே வைத்தார். உண்மையாகவே மகிழ்ந்துபோனார். "நல்லதாப் போச்சு ஐயா. உங்கட வீட்ட முழுச் சேதத்தில போட இருந்தன். இனி அத இல்லாத ஆருக்காவது குடுக்கலாம்."

மத்தேயுவின் வாயில் இருந்த தாரா இறங்க நேரமெடுத்தது. புடிங்கோடு வாசலில் நின்ற பீற்றிஸுக்கு உடனே விளங்கிவிட்டது. அண்ணனுக்கு உதவி இல்லையென்றால் அந்தத் தகரம் இனிக் கீழே இறங்காது. அன்றைக்குத்தான் அவள் வாயெடுத்த பேச்சை முடித்தாள்.

"சேர், அது என்ட தகரம். நத்தாருக்கு இரவல் குடுத்த நான். என்ட வீட்டுக்க இப்ப மழ பெய்யுது."

இமெல்டா தன் தட்டிலிருந்த எலும்பை மிகவும் கவனமாகப் பிரிக்கத் தொடங்கினாள். மத்தேயு துவாயால் வாயைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும் அளவுக்குக் குரலைத் தாழ்த்தினார்.

"சூறாவளி அண்டு தனிய இருந்து பயந்தவ. அதுக்குப் பிறகு தங்கச்சிக்குப் புத்தி கொஞ்சம் தடுமாற்றம். எதைக் கண்டாலும் தன்ட எண்டுதான் சொல்லுவா. நாங்கதான் பாத்துக்கொள்ளுறம்."

மேசையைச் சுற்றி நாக்குகள் இரக்கத்தில் உச்சுக்கொட்டின. அதிகாரி எழுந்து வந்து, அவள் கையிலிருந்த புடிங்கைப் பக்குவமாக வாங்கினார்.

"ஓம் அம்மா, உங்கட தகரம்தான்," என்றார் மிகவும் அன்பாக. "யோசிக்காதீங்க."

மறுநாள் காலையில் அவள் போய்க் கேட்டபோது, எப்படிக் கழற்றுவது என்று மத்தேயு நியாயம் கேட்டார். அதிகாரி அந்தப் பக்கம் வந்து பார்த்தால் அவள் புத்தியுள்ளவள், அவர் பொய்யர் என்றல்லவா ஆகிவிடும்? உயிர்த்த ஞாயிறு கழியட்டும், பார்ப்போம் என்றார்.

ஊர் இரக்கமுள்ள ஊர். செய்தி பரவப் பரவ, பீற்றிஸின் வாசலுக்குக் கேக் தட்டுகள் வரத் தொடங்கின. தலைமையாசிரியர் வீட்டிலிருந்து லவ் கேக். நொத்தாரிசு வீட்டிலிருந்து கொக்கிஸ். அதிகாரிகூட ஆள் அனுப்பி ஒரு தட்டு பிஸ்கட் கொடுத்துவிட்டார். கொண்டுவந்தவர்கள் செவிடியோடு பேசுவதுபோல மெதுவாகவும் சத்தமாகவும் பேசினார்கள். ஒருவரும் நிமிர்ந்து சீலையைப் பார்க்கவில்லை. கடைசியாக இமெல்டா வந்தாள். பெரிய பீங்கான் தட்டில் தாராவின் மிச்சத்தை முகம் பாராமல் தந்துவிட்டுப் போனாள்.

பின்னேரம் வானம் கறுத்து வந்தது. பீற்றிஸ் கேக்கையும் தாராவையும் ஒரே சட்டியில் கொட்டினாள். தட்டுகளைக் கழுவி, ஓட்டைகளுக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்தாள். மச்சாளின் பீங்கான் தட்டைக் கட்டிலுக்கு மேலிருந்த பெரிய ஓட்டைக்கு ஒதுக்கினாள். முன்வீட்டுத் தகரத்தில் மழை இரையத் தொடங்க, இங்கே தட்டுகள் நிறையத் தொடங்கின.

இன்னும் இரண்டு வீட்டுக்காரர் இரக்கப்பட்டிருக்கலாம் என்று நினைத்தாள். ஓட்டை இரண்டு மிச்சமிருந்தது.