வெள்ளிக்கிழமை அப்பம்

என் மகள் கமலிக்குப் பேய் பிடித்துவிட்டது என்று உருத்திரபுரம் குடியேற்றத்தில் என்னைத் தவிர எல்லாரும் தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தார்கள். ஆறு வயதுப் பிள்ளை. காலையில் எழும்பினால் வாய் ஓயாமல் கதைப்பாள், கோழிக்குஞ்சுகளுக்குப் பெயர் வைப்பாள். பொழுது சாயச்சாய வயிறு பூசணிக்காய் போல ஊதிவிடும். விளக்கு வைக்கிற நேரத்தில் ஆட்டம் தொடங்கும். கையில் அகப்பட்டதை எறிவாள், கடிப்பாள், தன் தலைமயிரைத் தானே பிடித்து இழுப்பாள். தூக்கப் போனால் நிலத்தில் விழுந்து உருளுவாள்.

பள்ளிக்கூடத்தில் பக்கத்திலிருந்த பிள்ளையின் காதைக் கடித்துவைத்தாள். "பிள்ளை அடங்கினாப் பிறகு கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று வாத்தியார் மரியாதையாகத்தான் சொன்னார். கடித்த காது இரண்டு நாளில் ஆறிவிட்டது, ஊர்வாய் ஆறவில்லை. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? மருந்து எடுக்கப் போன இடத்தில் பூச்சி என்று சொல்லி மருந்து தந்தார்கள். பூச்சி போனது. ஆட்டம் போகவில்லை.

பேய்க் கதையைத் தொடக்கிவைத்தவர் நாகேஸ்வரி மச்சாள், என் கணவர் பரமலிங்கத்தின் அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே லொறியில் சட்டிபானையோடு வந்திறங்கி, அடுத்தடுத்த காணிகளில் காடு வெட்டிக் குடியேறினவர்கள் நாங்கள். மச்சாள் புருஷனை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, கமலி என்றால் அவருக்கு உயிர். நல்ல மனுசி. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பதில் அவரை வெல்ல வன்னியில் ஆள் பிறக்கவில்லை.

"நெடுங்கேணிப் பக்கத்திலை ஒரு மந்திரக்காரர் இருக்கிறாராம் விமலா" என்றார் ஒரு நாள். "மஞ்சள் துண்டை நெருப்பிலை காய்ச்சி அடிவயித்திலை சூடு வைச்சால் எந்தப் பேயும் நிக்காதாம். பங்குனியிலை புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் பொங்கலுக்கு வாறார். நான் சொல்லி வைச்சிட்டன்."

என் சின்ன வயதில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடிச்சிக்கு அப்படிச் சூடு வைத்தார்கள். அவள் குமரியான பிறகும் அந்தத் தழும்பை மறைத்து மறைத்துத்தான் குளிப்பாள். "என்ரை பிள்ளையிலை ஆரும் நெருப்பு வைக்கேலாது" என்றேன். "அப்ப நீ மாத்திக் காட்டு" என்றார் மச்சாள். பரமலிங்கம் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அவருக்கு எப்போதும் வயலில் வேலை இருக்கும்.

அந்த மார்கழியில் வெள்ளம் வந்தது. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் என்றால் இங்கே தெரியாதவர்கள் இல்லை. வீதி எது வாய்க்கால் எது என்று தெரியாமல் எங்கும் தண்ணீர். பரந்தனிலிருந்து சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு, கோதுமை மாவில் சுட்ட பாண் கொண்டுவரும் ஐயாத்துரை வரவில்லை, கடைகளில் சாமான் இல்லை. நல்லகாலம் நெல்லுச் சாக்கைப் பரணில் ஏற்றி வைத்திருந்தோம். நெல்லைக் குத்திக் கஞ்சி, சோறு, மறுபடி கஞ்சி. ஊரே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்த அந்த நாட்களில் என் வீட்டில் மட்டும் ஒரு அதிசயம் நடந்தது. கமலி ஆடவில்லை. வயிறு ஊதவில்லை. பின்னேரங்களில் ஓலைக்கீற்றில் பாம்பு பின்னிக்கொண்டு, பாடிக்கொண்டு, சாப்பிட்டதும் நித்திரையாகிவிடுவாள்.

"பேய்க்கு நீச்சல் தெரியாதுபோலை" என்று சிரித்தார் பரமலிங்கம்.

தண்ணீர் வற்றி, ஐயாத்துரையின் மணிச் சத்தம் கேட்ட அன்று கமலி படலைக்கு ஓடினாள். சுடச்சுடப் பாணைச் சம்பலோடு ஆசைதீரத் தின்றாள். விளக்கு வைத்தேன். தொடங்கிவிட்டாள். விளக்கையே தட்டிவிழுத்தப் பார்த்தாள். வழக்கமாக அவளைப் பிடித்துக்கொண்டு நானும் சேர்ந்து அழுவேன். அன்றைக்கு அழுகை வரவில்லை. கோப்பையில் மிஞ்சிக் கிடந்த பாண் கரையைப் பார்த்தபடி நின்றேன். அடியே விமலேஸ்வரி, இத்தனை நாளும் கண்ணை எங்கே வைத்திருந்தாய் என்று என்னையே கேட்டேன்.

மறுநாள் முதல் என் வீட்டில் பாண் இல்லை. எங்கள் ஆட்கள் புட்டுக்குப் பாதி அரிசிமாவும் பாதி அவித்த கோதம்ப மாவும் போட்டுத்தான் குழைப்போம். அந்தப் பாதியையும் நிறுத்தினேன். தனி அரிசிமாப் புட்டு, குரக்கன் புட்டு, ஒடியல் கூழ், சோறு. கமலி முதலில் பாணுக்காக அழுது புரண்டாள். ஐயாத்துரையின் மணி கேட்டால் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் வாளியைக் கிணற்றுக்குள் தொம்மென்று விழ விட்டுச் சத்தம் காட்டுவேன். மெல்ல மெல்ல அவளுக்கே விளங்கத் தொடங்கியது. பிள்ளைகளை நாங்கள் நினைக்கிற அளவுக்கு மொக்கு என்று நினைக்கக் கூடாது.

தைப்பொங்கல் கழிய வாத்தியாரிடம் கூட்டிப் போனேன். பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்குப் பணிஸ் கொடுப்பார்கள், அதுவும் பாண் மாவில் சுட்டதுதான். கமலி எழும்பி நின்று, "எனக்குப் பணிஸ் ஒவ்வாது, வாத்தியார். நான் எள்ளுருண்டை கொண்டந்தனான்" என்றாளாம். தன் பணிஸை அந்தக் காது கடிபட்ட பிள்ளைக்கே கொடுத்தாளாம். அதோடு இருவரும் கூட்டாளிகள். வாத்தியார் இதைச் சொன்னபோது எனக்குத் தலைகால் தெரியவில்லை. வீடுவரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை தெரியும்தானே. மாசி பிறந்ததும் ஆட்டம் திரும்பி வந்தது. எல்லா நாளும் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மட்டும்!

மச்சாளுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. "கண்டியளே? வெள்ளிக்கிழமை பாத்து ஆடுது. பாணுக்கு நாள்கிழமை தெரியுமே? பேய்க்குத்தான் தெரியும்" என்றார். அன்றைக்குக் கமலி தின்றதை எல்லாம் எண்ணிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அவள் தின்பது மச்சாள் தன் கையால் சுட்டுத் தருகிற அப்பம். விரதநாளில் விடிய எழும்பி, குளித்து, பூப்பறித்து, சாமிக்குப் படைத்துவிட்டு, கமலிக்கென்று தட்டில் மூடி எடுத்துக்கொண்டு வருவார். வெள்ளத்துக்குப் பிறகு மாசியில்தான் மறுபடி அப்பச்சட்டியை அடுப்பில் வைத்தார். அப்பம் என்றால் பச்சையரிசி மாவும் தேங்காய்ப்பாலும். அதில் என்ன குற்றம் காண்பது?

பரமலிங்கமும் ஆட்டங்கண்டுவிட்டார். "அக்கா சொல்லுறதையும் ஒருக்காச் செய்து பாப்பமே, விமலா" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. பங்குனிப் பொங்கலோ கிட்ட வந்துகொண்டிருந்தது. மகள் உடுப்பு மாற்றும்போதெல்லாம் அந்தச் சின்ன வயிறுதான் என் கண்ணில் பட்டது. பயந்தேன். வெளியே காட்டவில்லை, ஆனால் நன்றாகப் பயந்தேன்.

ஒரு வியாழக்கிழமை பொழுதுபட, இரவல் வாங்கின சுளகைக் கொடுக்க மச்சாளின் குசினிக்குப் போனேன். அந்தக் குசினியில் அப்பம் அவருடைய அதிகாரம். கலியாணம் செய்து வந்த நாள் முதல் என்னை அந்தச் சட்டிக்குக் கிட்ட விட்டதில்லை. அன்றைக்கு அவர் கதவுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து மா குழைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் இளநீர். இளநீருக்குள் ஏதோ வெள்ளையாக ஊறிக்கொண்டிருந்தது. அதைப் பிழிந்து எடுத்து மாவுக்குள் போட்டுப் பிசைந்தார்.

"என்ன மச்சாள் அது?"

"பாண் துண்டு. மா புளிக்க வேண்டாமே?"

என் கையிலிருந்த சுளகு விழுந்துவிட்டது.

"எப்பவும் பாண்தானோ போடுறனீங்கள்?"

"வேறை என்னத்தைப் போடுறது? மற்றவை கள்ளு விடுவினம். சைவக்காரற்றை குசினிக்குள்ளை கள்ளு வரலாமே? என்ரை அப்பம் சுத்தம்" என்றார் பெருமையாக.

என் தாய்வீட்டில் கள்ளு விட்டுத்தான் அப்பம் சுடுவார்கள். புகுந்த வீட்டில் அதைச் சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்று நான் வாய் திறந்ததில்லை. இந்த வீட்டு அப்பத்துக்கு இளநீர் மட்டும்தான் விடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். சுத்தத்துக்காகச் செய்த வேலை என் பிள்ளையின் வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது!

"மச்சாள், இதுதான் உங்கடை வெள்ளிக்கிழமைப் பேய்!" என்று கத்தினேன்.

"விசரே உனக்கு? ஒரு துண்டுப் பாண் பிள்ளையை ஆட்டுமே?"

"நாளைக்குப் பாப்பம். உங்கடை அப்பம் வேண்டாம். நான் சுடுறன், கள்ளு விட்டு. பிள்ளை ஆடினால் நானே அவளைத் தூக்கிக்கொண்டு மந்திரக்காரரிட்டை வாறன்."

சொல்லிவிட்டேன். மச்சாள் காதைப் பொத்திக்கொண்டார். "பேய் பிடிச்ச பிள்ளைக்குக் கள்ளும் தீத்தப் போறியே? சிவ சிவா!"

பரமலிங்கத்தை அந்த நேரமே கள்ளுச் சீவுகிற சின்னராசாவிடம் அனுப்பினேன். பெண்சாதி சொல்லிக் கள்ளு வாங்கப் போன ஆம்பிளை எங்கள் குடியேற்றத்தில் அவராகத்தான் இருப்பார். அவ்வளவு சுறுசுறுப்பாக அவர் ஒரு வேலைக்கும் போனதில்லை. கொண்டுவந்த போத்தலில் அரைவாசிதான் இருந்தது. மாவுக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை காலையில் கமலி மூன்று பாலப்பம் தின்றாள். அடுப்பில் வெந்தபிறகு கள்ளில் வெறி ஏது, வாசம்தான் மிஞ்சும். மத்தியானம் மரக்கறிச் சோறு. நான் வேலை செய்வதுபோல நடித்துக்கொண்டு அவளுடைய வயிற்றையே பார்த்துக்கொண்டு திரிந்தேன். பொழுது சாய மச்சாள் திருநீற்றுக் குட்டானோடு வந்து முற்றத்தில் குந்திக்கொண்டார். பேய் வருகிற நேரத்தில் பூசவேண்டுமாம்.

விளக்கு வைத்தேன். பரமலிங்கம் படலையடியில் நின்று எங்கேயோ பார்த்தார். கமலி வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தாள். மச்சாள் குட்டானுக்குள் கையை விட்டார்.

"மாமி, கொக்கான் வெட்டுவமே?" என்று கேட்டுக் கைநிறையக் கல்லுகளை அவருடைய மடியில் கொட்டினாள் பிள்ளை.

விளையாடினார்கள். மச்சாள் தோற்றார். மறுபடி விளையாடினார்கள், மறுபடி தோற்றார். கடைசியில் கமலி கொட்டாவி விட்டு அவருடைய மடியிலேயே தலையை வைத்துப் படுத்துவிட்டாள். மச்சாள் பிள்ளையின் சட்டையை மெல்ல உயர்த்தி வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"ஊதேல்லை" என்றார்.

பிறகு அந்த வயிற்றின் மேலேயே கையை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். "இந்தப் பச்சை வயித்திலையோ நெருப்பு வைக்கச் சொன்னனான்? நான் சுட்ட அப்பமோ இதைச் செய்தது?" என்று கேட்டுக் கேட்டு அழுதார். அவரிடம் சொல்லவென்று மாதக்கணக்காக நான் எத்தனையோ சொல் சேர்த்து வைத்திருந்தேன். அதை எல்லாம் விட்டுவிட்டுப் பக்கத்தில் போய் இருந்துகொண்டேன்.

பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. விடியவே மச்சாள் தட்டை மூடிக்கொண்டு வந்து படலையில் நின்றார். மறிக்க வாயெடுக்குமுன் கமலியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டாள்.

"மாமி, பாண் போட்டதோ?"

"இல்லையடி குஞ்சு."

"அப்ப என்ன விட்டனீங்கள்?"

மச்சாள் ஒழுங்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். தட்டைத் திறந்தார். குப்பென்று வாசம் வந்தது. பரமலிங்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழும்பி நின்றார்.

"நானேதான் போய்ச் சின்னராசாவிட்டை வாங்கினனான், செம்பைச் சீலைத் தலைப்பாலை மூடிக்கொண்டு" என்றார் மச்சாள். "அந்த மந்திரக்காரனையும் வரவேண்டாம் எண்டு சொல்லிவிட்டாச்சு. பொங்கலுக்குப் போய் நாகதம்பிரானிட்டை உள்ளதைச் சொல்லுவன். குற்றமெண்டால் என்னைத் தண்டிக்கட்டும். நீ தின்னடி ராசாத்தி."

கமலி தின்றாள். நானும் ஒன்று எடுத்துத் தின்றேன். கலியாணம் செய்து வந்தபிறகு அந்தக் குசினி அப்பம் அவ்வளவு நன்றாக இருந்தது அன்றைக்குத்தான்.