டன்னலைத் தாண்டி ஒரு வளைவு

என் மருமகன் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறார். எங்கே என்ன விபரீதம் நடக்கும் என்று முன்கூட்டியே யோசிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அப்படிப்பட்ட மனிதர் பனிக்காலத்தில் மலைப்பயணம் போகத் திட்டம் போட்டால் கேட்கவா வேண்டும்? கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து டிவியில் சொருகி, மலைகளையெல்லாம் கூடத்துக்கே வரவழைத்துவிட்டார்.

"அத்தை, இந்த நீலக் கோடுதான் நாம போற ரோடு. இங்க நிறுத்தி காபி. இங்க பாப்பாவுக்குப் பால். ராத்திரி இங்க தங்கறோம். ரூம்ல ஹீட்டர் இருக்கான்னு போன் பண்ணியே கேட்டுட்டேன்."

"என் இடம் எங்க மாப்பிள்ளை?"

"வரும் அத்தை. ரெண்டாவது நாள்."

என் இடம் என்று நான் சொன்னது என் மகன் செத்துப்போன இடத்தை.

ஊரை விட்டு வந்து அவன் இந்த வெளிநாட்டில் லாரி ஓட்டினான். ஐஸ்கிரீம் ஏற்றிப்போகும் குளிர்சாதன லாரி. "சுத்தி ஐஸ், பின்னாடியும் ஐஸ், நடுவுல நான் ஒருத்தன்தாம்மா சூடா இருக்கேன்" என்று சிரிப்பான். தங்கையை இங்கே கட்டிக்கொடுத்ததும் அவன்தான். மாப்பிள்ளை அவன் பார்த்துப் பிடித்த மாப்பிள்ளை. ஒரு பனிக்காலத்தில் மலைப்பாதையில் வண்டி வழுக்கி, வளைவிலிருந்து கீழே போய்விட்டது. ஊருக்குப் பெட்டியில் வந்தான். முகத்தைப் பார்த்தேன், அழுதேன், எல்லாம் ஆயிற்று. பார்க்காதது அந்த வளைவை மட்டும்தான்.

அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்காதவர்கள் இல்லை. அவர்களுக்கு என்ன தெரியும்? நான் பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பாளராக இருந்தவள். கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை, ஒரு மைக், ஒரு கால் ஆடும் ஸ்டூல். எந்த ஊருக்கு, எந்த வழியாக, எந்த நடைமேடையில் என்று தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரே ஊருக்கு இரண்டு வழி இருக்கும். வழியை மாற்றிச் சொல்லிவிட்டால் டிரைவரை விட்டுவிட்டு என்னைத்தான் ஜனங்கள் பிடித்துக்கொள்வார்கள். இத்தனைக்கும் நான் சொன்ன ஊர்களில் பாதிக்கு மேல் நான் போனதே கிடையாது.

அந்த அறைக்குத்தான் என் மகன் போன் பண்ணுவான், வண்டி ஓட்டிக்கொண்டே, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு. மலை ஏறி உச்சிக்கு வந்ததும், "அம்மா, டன்னல் வருது, சத்தம் போயிடும். வெச்சிடாதே" என்பான். போன் செத்துப்போகும். நான் அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மைக்கில் இரண்டு பஸ்ஸை அனுப்பிவைப்பேன். டன்னலைத் தாண்டியதும், "அம்மா?" என்று குரல் வரும். "ம், சொல்லு" என்பேன். விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வான். எங்கள் இருவருக்கும் அது ஒரு விளையாட்டு மாதிரி.

கடைசி நாள், "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. இரு, டன்னல் வருது, வெச்சிடாதே" என்றான். நான் வைக்கவில்லை. டன்னலைத் தாண்டினான். "அம்மா?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவன் கூப்பிட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவ்வளவுதான் என் வியாதி. அந்த வளைவில் போய் நின்று, "ம், சொல்லு" என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். கிறுக்குத்தனம்தான். யாருக்கு இல்லை?

அவனை விழுங்கிய நாட்டில் கால் வைக்கமாட்டேன் என்று இரண்டு வருஷம் பிடிவாதமாக இருந்தேன். பேத்தி பிறந்த சேதி வந்தபோதுகூட அசையவில்லை. மகள் வேலை பார்க்கும் பல் டாக்டர் கிளினிக்கில் பிரசவ லீவு முடியப்போகும் சமயம் அவள் போன் பண்ணினாள். "வாம்மா. அண்ணன் விழுந்த இடத்துக்கு உன்னை நான் கூட்டிட்டுப் போறேன். மனசு ஆற பேசிட்டு வா" என்றாள். பெட்டியைக் கட்டிவிட்டேன்.

வந்த மறுநாளே அவள் கிளினிக்குக்குப் போனாள். நான் பேத்தியோடு கிடந்தேன். திட்டம் மட்டும் தினமும் வளர்ந்தது. கார் சக்கரத்துக்குப் பனிச் சங்கிலி வந்தது. அதை மாட்டிப் பழகவேண்டும் என்று கட்டடத்தின் அடித்தளத்துக்கு எங்களை இறக்கினார் மருமகன். அவர் வயிறு தரையில் படப் படுத்துக்கொண்டு மாட்டுகிறார். மகள் போனைப் பார்த்துச் செய்முறை வாசிக்கிறாள். என் இடுப்பில் குழந்தை, கையில் டார்ச். மாட்டி முடித்துவிட்டு எழுந்தவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, இமயமலையைப் புரட்டிப்போட்ட மாதிரி! பிறகுதான் தெரிந்தது, உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டியிருக்கிறார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெகுநாளைக்கு அப்புறம் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் டிவி முன்னால் உட்கார்ந்து அந்த நீலக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டே போனேன்.

"இதுல டன்னல் எங்க மாப்பிள்ளை?"

"அது... இந்த சைஸ்ல தெரியாது அத்தை. ரொம்பச் சின்னதா இருக்கும்."

"அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று மகள் எழுந்து போனாள். பாலை அரைமணி முன்பே நான் இறக்கி வைத்திருந்தேன். மறதி என்று நினைத்துக்கொண்டேன். பெற்ற பெண்ணைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் காலையில் மலை ஏறினோம். ரோடு அலம்பிவிட்டது போல இருந்தது. இரண்டு பக்கமும் பனியை வெட்டிச் சுவர் மாதிரி நிறுத்தியிருந்தார்கள். பேத்தி அவளுடைய நாற்காலியில் தூங்கிவிட்டாள். நான் கண்ணைச் சிமிட்டவும் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். டன்னல் வரும், இருட்டும், வெளிச்சம் வரும், உடனே சொல்லவேண்டும். உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கார் ஒரு வளைவில் ஒதுங்கி நின்றது.

"இதுதாம்மா" என்றாள் மகள்.

இறங்கினேன். கார் நிறுத்த இடம், சுத்தமான கழிப்பறை, காசு போட்டால் மலையைக் கிட்டத்தில் காட்டும் குழாய். நாலைந்து குடும்பங்கள் பனியை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தன.

"டன்னல் வரலையே?"

"நீ தூங்கிட்டேம்மா. அப்பவே தாண்டிட்டோம்." பட்டென்று வந்தது பதில். "நீ பேசணும்னியே, பேசிக்கோ. நாங்க கார்ல இருக்கோம்."

கம்பித் தடுப்பு வரைக்கும் போனேன். பள்ளம் ஆழமாகத்தான் இருந்தது. பார்க்க அழகாகவும் இருந்தது. வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. நான் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியாதா?

"அத்தை, அப்படியே கொஞ்சம் வலது பக்கம்" என்று பின்னாலிருந்து மருமகன் குரல். கையில் போன். "மலையும் சேர்ந்து விழட்டும்."

வலது பக்கம் நகர்ந்தேன். அங்கே ரோட்டோரம் வட்டமாக ஒரு பலகை. பலகைக்குள் ஒரு லாரிப் படம். லாரியின் குறுக்கே சிவப்புக் கோடு. காலமெல்லாம் பஸ் ஸ்டாண்டில் கிடந்தவளுக்கு அதை வாசிக்க எந்தப் பாஷையும் தேவையில்லை. இந்த ரோட்டில் லாரி வராது. என்றைக்கும் வந்திருக்காது. ஆபத்தே இல்லாத வழியாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார், இன்சூரன்ஸ்காரர்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

"திருப்தியா அத்தை?"

"எந்த வழியா வந்தோம் மாப்பிள்ளை?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தவர் சட்டென்று ரோட்டைப் பார்த்துக்கொண்டார். மகள்தான் பேசினாள்.

"அந்த ரோட்டைப் பனிக்காலம் முழுக்க மூடிடுவாங்கம்மா. அண்ணன் போனதுக்கப்புறம் அப்படி ஆக்கிட்டாங்க."

"இது உனக்கு எப்ப தெரியும்?"

குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"எனக்கு டிக்கெட் போடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி" என்றாள். பிறகு அழுதுகொண்டே, "வேற என்னம்மா செய்யறது? பாப்பாவை யார்கிட்ட விடறது? வெறுமனே வான்னா நீ வந்திருப்பியா? எந்த இடமா இருந்தா என்ன, உனக்கு மனசு ஆறணும், அதுதானேன்னு..."

"பனி உருகற வரைக்கும் இருக்க முடியுமா?"

"விசா அதுக்கு முன்னாடி முடியுதும்மா."

அதையும் கணக்குப் பார்த்துத்தான் வைத்திருந்திருக்கிறார்கள். அவனைத் தின்றது இந்த மலை என்று இத்தனை நாள் மலையைச் சபித்தேன். மலை பாவம், அது யாரையும் ஏமாற்றவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே இறங்கி நடந்திருப்பேன். எங்கே நடப்பது? எந்த ஊருக்கும் எந்த வழியும் தெரியாத இடம்.

மருமகன் வண்டியைக் கிளப்பினார். அடுத்து எங்கேயோ நிறுத்திச் சாப்பிடவேண்டும், அது நீலக் கோட்டில் இருக்கிறது.

வளைவு திரும்பும்போது பேத்தி விழித்துக்கொண்டாள். உதட்டைப் பிதுக்கி, என்னைப் பார்த்து, "ம்மா?" என்றாள். எல்லாரையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். என் கை தானாகப் போய் அவளைத் தட்டிக்கொடுத்தது. அதற்குத்தானே வரவழைத்தார்கள்.

"ம், சொல்லு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. இரண்டு வருஷம் அவனுக்கென்று பொத்தி வைத்திருந்தது.