வேலமரத்தின் இரண்டு பச்சை

சினாயில் எங்கள் பள்ளத்தாக்குக்கு மழை வந்து மூன்று வருஷமாகிவிட்டது. கூடாரத்துக்குப் பின்னால் நிற்கும் என் வேலமரம் உச்சியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. நடுக்கிளையில் தொற்றியிருந்த புல்லுருவி மட்டும் சிவப்புப் பூவோடு தளதளவென்றிருந்தது. பார்த்தவர்களெல்லாம் மரத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று அதைக் காட்டித்தான் சொன்னார்கள். எனக்கோ அதைக் கண்டாலே எரிச்சல். என் ஆடுகள் கோடையைத் தாண்டுவதே அந்த மரத்துக் காயை நம்பி. அந்தக் கிளையில் ஒரு காய்கூட இல்லை.

அரிவாளை எடுத்தேன். என் கணவரின் சித்தப்பா மகன் ஃபுரைஜ் ஓடிவந்து மறித்தான். புல்லுருவிதான் அவன் ஆடுகளுக்குத் தீனி.

"பச்சையில அரிவா வெச்சா ஒட்டகக் கன்னு தண்டம் மதினி. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. எங்கள் வழக்கத்தில் மரத்தில் எது பச்சையாக இருந்தாலும் மரத்தின் பச்சைதான். மரத்தகராறு தீர்க்கும் ருபய்யி மாமாவை அழைத்துவர ஃபுரைஜ் போனான்.

அதற்குள் எனக்கு ஒரு யோசனை. மேய்ச்சலில் தண்ணீர் தீர்ந்தால் வேலங்கிளையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிவைப்போம். இலை விடும் ஈரம் உள்ளே சொட்டும். மரத்தின் சொந்த இலையில் ஒரு பையும் புல்லுருவியில் ஒரு பையும் கட்டினேன். எது அதிகம் சொட்டும் என்று பார்க்க உட்கார்ந்தவள் ரொட்டி கருகியதைக்கூடக் கவனிக்கவில்லை.

மாமா வந்து தேநீர் குடித்து முடித்தபோது உச்சிவெயில். மரத்தின் பையில் வெறும் ஆவி படிந்திருந்தது. புல்லுருவிப் பை தண்ணீரில் தொங்கியது. மாமா அதை அவிழ்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கசக்குது. ஆனா தண்ணிதான்."

"வெயில் ஏறினா மரம் ஈரத்தை விடாம வாயை மூடிக்குது மாமா. இது மூடவே இல்ல, மரத்துத் தண்ணியை விட்டுக்கிட்டே இருக்கு. இதுக்கு மண்ணுல வேரு எங்க இருக்கு, காட்டுங்க."

அவர் கிளையில் அது ஒட்டியிருந்த புடைப்பை வெகுநேரம் தடவினார். வேர் மரத்துக்குள்ளேதான் இருந்தது.

"இது மரத்தோட பச்சை இல்லடா ஃபுரைஜ். வெட்டட்டும்."

வெட்டினேன். ஃபுரைஜ் அத்தனையையும் வாரிக்கொண்டான்.

"நாளைக்கு என் ஆடு எதைத் திங்கும் மதினி?" என்றான். சண்டைக்காகக் கேட்கவில்லை.

மழை வரவில்லை. ஆனாலும் சில வாரங்களில் வெட்டிய இடத்துக்குக் கீழே கொழுந்து விட்டது. அதை முதலில் பார்த்தது நானல்ல, ஃபுரைஜின் கறுப்பு ஆடு. பின்னங்காலில் எம்பி நின்று தின்றுகொண்டிருந்தது. கல்லைப் பொறுக்கினேன். அதன் விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. கல்லைக் கீழே போட்டுவிட்டு, மீதிக் கொழுந்தையாவது விடுமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.