வானத்தைப் பிரித்தல்

ஊசிமுனையைத் தையலுக்கு அடியில் நுழைத்து, மெல்லத் தூக்கி, நூலை நறுக்கினேன். பிறகு அடுத்தது. காலை எட்டு மணியிலிருந்து இதே வேலை. மேசை முழுக்க விரிந்து கிடந்தது ஏழு மாதமாகச் செய்த போர்வை. கீழே ஒரு தெரு, நனைந்த கூரைகள். மேலே மழைக்கு முந்தைய வானம். யாரும் போர்த்திக்கொள்ளப் போவதில்லை. சுவரில் தொங்குவதற்கான போர்வை.

தெருவை நான் தைத்தேன். வானத்தை அண்ணி தைத்தார்.

துணிக்கடை ஒன்றின் பின்னறையில் கால்சட்டைகளின் நீளத்தைக் குறைத்துக் கொடுப்பது அண்ணியின் வேலை. வெட்டிய ஓரங்களைப் பை பையாகக் கொண்டுவந்து தந்தது அவர்தான். சாம்பல் நிறத்தில் இத்தனை சாம்பல் உண்டென்று அவற்றைத் தரையில் கொட்டியபோதுதான் தெரிந்தது. துண்டுகளைச் சுவரில் குண்டூசியால் குத்திவிட்டு, எதிர்ச்சுவர்வரை பின்னால் போய் நின்று பார்ப்பேன். ஒரு துண்டு தன் இடத்தைக் கண்டுபிடிக்கச் சில சமயம் ஒரு வாரம் ஆகும். அலுவலகத்தில் கோப்பைப் புரட்டும்போதும் எந்தச் சாம்பலுக்குப் பக்கத்தில் எந்தச் சாம்பல் என்றே மனம் ஓடும். எல்லாவற்றையும் இணைத்து, மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே பஞ்சு பரப்பி, மூன்றையும் பிடித்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு போனேன். தெரு முடிந்தபோது என் கட்டைவிரல் மூட்டு வீங்கிவிட்டது. "கொண்டா, மிச்சத்த நான் போடறேன்" என்றார் அண்ணி. ஆறு வாரம், கடை முடிந்து நேராக இங்கே வந்து தைத்தார். நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். இரண்டு பேரும் அதிகம் பேசியதில்லை. என் வாழ்க்கையின் நல்ல மாலைகளில் அவையும் சேரும்.

அவருக்கு இடதுகைப் பழக்கம். "நொட்டாங்கை தச்ச போர்வைய உள்பக்கம் வெளிய தெரியற மாதிரிதான் போத்திக்கணும்" என்று அண்ணன் கேலி செய்வான். "உங்க வாயத் தைக்க எந்தக் கையா இருந்தா என்ன?" என்பார் அண்ணி, நிமிராமல்.

போர்வையைக் கைத்தையல் கண்காட்சி ஒன்றுக்கு அனுப்ப நினைத்தேன்; அதன் படிவத்தில் 'உடன் உழைத்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு சிறு கோடு போட்டேன். கீழே 'முழுவதும் என் கைவேலை' என்ற வரிக்கு எதிரே கையெழுத்தும் போட்டேன். தேர்வாகிவிட்டதாகக் கடிதம் வந்தது. நடுவர் ஒருவர் அடுத்த மாதக் கடைசியில் வந்து தையலை நேரில் பார்ப்பாராம். அதற்குப் பிறகுதான் என் கண்ணுக்கு அது தட்டுப்பட்டது. தெருவின் தையல்கள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன; வானத்தின் தையல்கள் மறுபக்கம். வேலை தெரிந்தவருக்கு ஒரு பார்வை போதும். படிவத்தைத் திருத்த எனக்கும் ஒரு போன் போதும். ஆனால் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வானத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

அன்று அண்ணியின் கடைக்கு வார விடுமுறை என்பது மறந்துபோயிருந்தது.

"என்னடி, ஏன் பிரிக்கறே?"

கையில் இன்னொரு பையோடு வாசலில் நின்றார்.

"தையல் கொஞ்சம்... தளர்ந்திருந்துச்சு அண்ணி."

முப்பது வருடமாகத் தைப்பவரிடம் சொன்னேன். பையை வைத்துவிட்டு அருகில் வந்தார். மிச்சமிருந்த தையல்களின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். 'இல்லையே' என்று அவர் சொல்லப்போகும் நொடிக்காகக் காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன் என்று இன்றும் நம்ப விரும்புகிறேன். அவர் முகம்தான் சுருங்கியது.

"அசதியில சரியா இழுக்காம விட்டுட்டேன் போல. அப்பவே சொல்லக் கூடாதா? நல்லவேளை பாத்தே. வானம் நான் தச்சதுன்னு கடையில ஊருக்கு முன்னாடி தம்பட்டம் அடிச்சு வச்சிருக்கேன். கண்காட்சி தொடங்கினதும் மொத்தப் பேரும் பாக்க வர்றாங்க. அவங்க முன்னாடி தொங்கிருந்தா மானம் போயிருக்கும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் தையலைத் தானே பிரிக்க ஆரம்பித்தார். நான் ஒன்று பிரிப்பதற்குள் அவர் நான்கு. கண்காட்சியில் போர்வைக்குக் கீழே ஒட்டப்போகும் அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது.

"விடுங்க அண்ணி, நானே..."

"அந்த விரல வச்சுக்கிட்டா? சும்மா இரு."

அதே மேசை, அதே எதிரெதிர் நாற்காலிகள். பிற்பகல் போயிற்று. நூல் துணுக்குகளை அவர் ஓரமாகக் குவித்துக்கொண்டே வந்தார், எதற்கோ உதவும் என்பதுபோல.

கடைசித் தையலும் போனதும் மேல்துணியைப் பஞ்சிலிருந்து விலக்கி என்னிடம் நீட்டினார். "ஜன்னலுக்கு நேரா பிடி. ஓட்டை தெரியுதா பாப்போம்."

பிடித்தேன். தண்ணீரில் விரலைத் தோய்த்து, ஒவ்வொரு துளையின் மேலும் நகத்தால் தேய்த்தார். இழைகள் நகர்ந்து சில மூடிக்கொண்டன. "இதெல்லாம் கெட்டித் துணி. மூடாது. பரவால்ல, அதே ஓட்டையிலயே இறுக்கிப் போட்டுடறேன்" என்றார். துணிக்கு அந்தப் பக்கம் அவர் நூலைப் பல்லால் கடிக்கும் சத்தம் கேட்டது.

"எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்?"

"அண்ணி" என்றேன்.

"ம்?"

துணி எங்கள் நடுவே இருந்தது. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. மூடாத துளைகள் மட்டும் வரிசை வரிசையாக வெளிச்சமாயிருந்தன. என் கைகள் வலிக்க ஆரம்பித்திருந்தன. இறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.